வசனத்துக்கு முன்னால் வந்த குரல்

போன வருடம் இலையுதிர் காலம். மொன்றியலில் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு பழைய வங்காளப் படம் திரையிட்டார்கள். படம் தொடங்குவதற்கு முன் என்னை மேடைக்குக் கூப்பிட்டுச் செவ்வந்திப் பூங்கொத்து ஒன்று தந்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். இன்றைக்கும் யாராவது பூங்கொத்தோடு எதிரே வந்தால் என் முகம் சூடாகிவிடுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

பழைய படச்சுருள்களைக் கணினிக்கு மாற்றித் தரும் ஒரு சிறிய கூடத்தில் நான் வேலை செய்கிறேன். ஒலி என் பொறுப்பு. அதற்காகத்தான் படித்தேன். பிறந்தது முதல் இந்த ஊர்தான், லாசாலில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். எனக்கு எதையும் எண் போட்டு எழுதினால்தான் தலை ஓடும். கடைக்குப் போனாலும் அப்படித்தான், வேலையிலும் அப்படித்தான். ஒலியில் என்னென்ன கோளாறு என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாகச் சரிசெய்து, பக்கத்தில் சரி போட்டுக்கொண்டு போவேன். நான் கெட்டிக்காரி என்று கூடத்தில் எல்லாருக்கும் ஓர் எண்ணம். எனக்கும் இருந்தது.

அந்த வருடம் வசந்த காலத்தில் இங்குள்ள வங்காளிகளின் கழகம் ஒன்று எங்கள் முதலாளியிடம் வந்தது. வங்காளத்தில் எத்தனையோ பழைய படங்கள் வெக்கையிலும் ஈரத்திலும் அழிந்துபோய்விட்டன என்றும், அங்கே ஒரு பிரதிகூட மிஞ்சாத படம் சிலவேளை வெளிநாடு வந்த யாராவது ஒருவரின் வீட்டில் கிடக்கக்கூடும் என்றும் சொன்னார்கள். கொல்கத்தாவிலிருந்தும் டாக்காவிலிருந்தும் வந்த குடும்பங்களைக் கேட்டு, பரணிலும் நிலக்கீழ் அறைகளிலும் தேடி, கிடைப்பதைக் காப்பாற்றி, ஊரில் உள்ள ஆவணக் காப்பகத்துக்கு ஒரு பிரதி அனுப்புவதுதான் அவர்களின் திட்டம். கழகத்திடம் காசில்லை. சனிக்கிழமைகளில் இயந்திரங்களைப் பாவிக்கலாம் என்று முதலாளி சொன்னார். வேலையைச் சும்மா செய்து தருவதாக நான் கை தூக்கினேன். நல்ல காரியம் என்று நினைத்தது உண்மை. என் பெயர் எங்காவது வரும் என்று நினைத்ததும் உண்மை.

அவர்கள் கண்டுபிடித்த படங்களில் ஒன்று, அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில் தன் வீட்டிலேயே சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கார்டெறி நடத்தும் ஒரு பெண்மணியின் கட்டிலுக்கு அடியில் இருந்தது. ஐம்பது வயது தாண்டியவர். தகரப் பெட்டிகளைக் குழந்தைகளை இருத்தி இழுக்கும் சில்லு வண்டியில் வைத்துக் கட்டித் தானே இழுத்துக்கொண்டு வந்தார். திறந்ததும் கூடம் முழுக்க வினாகிரி மணம், ஊறுகாய்ப் போத்தல் உடைந்தது போல. படச்சுருள் பழுதாகத் தொடங்கினால் அந்த மணம் வரும்.

வங்காளிகள் அக்காவை எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே தன்னைக் கூப்பிடச் சொன்னார். தமிழில் அதை உள்ளபடி எழுதினால் திதி என்றுதான் வரும். வீட்டில் போய்ச் சொன்னபோது அம்மா கறி கிளறிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

"திதியோ? ஆற்றை திதி?"

"ஒருத்தற்றை திதியும் இல்லை அம்மா. அது அக்கா எண்டு அர்த்தம்."

"நல்ல பேர் வச்சிருக்குதுகள். விரதச் சமையல் வைக்கோணுமோ எண்டு யோசிச்சுப்போட்டன்."

இருவரும் சிரித்தோம். அதனால் இங்கே தீதி என்று எழுதுகிறேன்.

தீதியும் நானும் ஆங்கிலத்தில்தான் பேசினோம். அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன். அது கறுப்பு வெள்ளைப் படம். அவருடைய அப்பா அதில் கமராவுக்கு உதவியாளராக இருந்தார். ஆற்றோரத்து ஊர் ஒன்றில் எடுத்தார்கள். சில சின்ன ஊர்களில் ஓடியது, பிறகு எல்லாரும் மறந்துவிட்டார்கள். கம்பெனி மூடியபோது சம்பளத்துக்குப் பதிலாக அப்பாவுக்குக் கிடைத்தது இந்தப் பிரதி. இப்போது வேறு பிரதி இருப்பதாக யாருக்கும் தெரியாது.

கடைசியாக ஒன்று சொன்னார்.

"என் அம்மாவும் இந்தப் படத்துக்குள் இருக்கிறாள். பார்க்க முடியாது. அவள்தான் வசனம் கொடுத்தாள்."

நம்முடைய படங்களில் பெயர் போடும்போது கதை, வசனம் என்று வரும் அல்லவா? எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. அவருடைய அம்மா வசனம் எழுதியவர் என்று எடுத்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் ஒரு பெண் வசனம் எழுதியிருக்கிறாரே என்று வியந்து, படத்தைச் சுத்தம் செய்கிறவர்களிடம் பெயர் வரும் பகுதியை விசேஷமாகக் கவனிக்கச் சொல்கிறேன் என்றேன். தீதி என்னைக் கொஞ்சம் குழப்பமாகப் பார்த்தார். நான் அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். எத்தனை சுருள், எங்கே வைத்திருந்தீர்கள், ஈரம் பட்டதா. என் வரிசையில் இன்னும் நிறையக் கேள்விகள் இருந்தன.

படத்தின் ஒலி, சுருளின் ஓரத்தில் ஒட்டிய மெல்லிய காந்தப் பட்டையில் இருந்தது. பழைய கசெட் நாடா மாதிரித்தான். அது உதிரும் நிலையில் இருந்தது. எவ்வளவு பக்குவமாக ஓட்டினாலும் ஒருமுறைதான் ஓடும் என்று எங்களுக்குத் தெரியும். அப்படியே நடந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டை மண்ணிறத் தூளாக இயந்திரத்தின் மேல் கொட்டியது. ஆனால் ஒலி கணினிக்குள் வந்துவிட்டது. தூளைத் தூரிகையால் கூட்டிக் குப்பையில் போட்டேன்.

எங்கள் கூடத்தில் ஒரு விதி இருக்கிறது. வந்த ஒலியை முதலில் அப்படியே ஒரு பிரதி எடுத்து, அதைத் தொடாமல் பூட்டி வைக்க வேண்டும். இன்னொரு பிரதியில்தான் கை வைக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். இந்தப் படத்துக்கு நான் அதைச் செய்யவில்லை. மடிக்கணினியில் இடம் குறைவாக இருந்தது, வீட்டில் வைத்து வார இறுதிகளில் செய்கிற வேலை, சும்மா செய்துகொடுக்கிற வேலை. காசு கொடுக்கும் வாடிக்கையாளர் என்றால் இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கியிருப்பேன். இவர்களுக்கு இது போதும் என்று நினைத்தேன் என்பதை எழுதும்போதே கூசுகிறது. இதைவிட மென்மையாகச் சொல்ல ஒரு வழியும் எனக்குக் கிடைக்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து வேலை செய்தேன். இரைச்சல், மின்சார முனகல், வெடிப்புச் சத்தம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். கடைசியாக ஒரு வினோதமான கோளாறு இருந்தது. கதாநாயகி ஒவ்வொரு வசனத்தையும் பேசுவதற்குச் சற்று முன்னால், அதே சொற்கள் மெல்லிய முணுமுணுப்பாகக் கேட்டன. முதலில் முணுமுணுப்பு, பிறகு வசனம். படம் முழுக்க அப்படி.

அம்மா எதிரே இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "என்ன பிள்ளை, உந்தப் படத்துக்குள்ள பேய் கீய் இருக்கோ? ஆரோ முன்னுக்கு முன்னுக்கு முணுமுணுக்குது" என்றார்.

"பேயில்லை அம்மா. அதுக்கு ஒரு பேர் இருக்கு."

"உங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு பேர் இருக்கும். கலைச்சு விடு அதை. கேக்க ஒரு மாதிரிக் கிடக்கு."

பெயர் இருப்பது உண்மைதான். காந்த நாடாவை நெடுங்காலம் சுருட்டி வைத்தால், ஒரு சுற்றில் பதிந்த ஒலி பக்கத்துச் சுற்றிலும் மெல்லப் பதிந்துவிடும். போட்டுக் கேட்டால், பேச்சு வருவதற்கு முன்பே அதன் நிழல் கேட்கும். முன்னெதிரொலி என்று சொல்லலாம். படிக்கும்போது அதைப் பற்றி ஒரு பரீட்சைக் கேள்விக்கு முழுப் புள்ளி வாங்கியிருக்கிறேன். நேரில் கேட்டது இதுதான் முதல் தடவை. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அரிய நோயைக் கண்டுபிடித்த வைத்தியர் மாதிரி.

இரண்டு விஷயங்கள் உதைத்தன. முன்னெதிரொலி என்றால் நிழலுக்கும் பேச்சுக்கும் இடையே உள்ள நேரம், சுருளின் சுற்று பெரிதாவதற்கும் சிறிதாவதற்கும் ஏற்றபடி ஒழுங்காக மாற வேண்டும். இங்கே அது தாறுமாறாக இருந்தது. சில இடத்தில் உடனே, சில இடத்தில் தயங்கி. இரண்டாவது, கதாநாயகியின் குரல் கீச்சென்று இருக்கும், முணுமுணுப்பு கொஞ்சம் கனமாக இருந்தது. இரண்டையும் நான் கவனித்தேன். பட்டை சுருங்கியதால் அப்படி இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு வங்காளம் தெரியாது. தீதியின் தொலைபேசி இலக்கம் என்னிடம் இருந்தது. ஒருமுறை எடுத்து, இது என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. பதில் எனக்குத் தெரியும் என்று நினைத்த பிறகு ஏன் கேட்க வேண்டும்?

மென்பொருளை அந்த முணுமுணுப்புக்குப் பழக்கி, காட்சி காட்சியாக எடுத்தேன். கோடை முழுக்க அதே வேலை. ஒவ்வொரு நாளும் அதே கோப்பின் மேலேயே சேமித்தேன். முடிந்தபோது ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் துடைத்து வைத்த மாதிரி அமைதி.

திரையிடலுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மண்டபம் நிறைந்த கூட்டம். பட்டுப் புடவைகளும் குளிர் மேலங்கிகளும் மீன் கட்லெட் மணமுமாக ஒரு கல்யாண வீடு போல இருந்தது. தீதி முன் வரிசையில் சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவையில் இருந்தார். மேடையில் பூங்கொத்தை வாங்கிக்கொண்டு, என்னென்ன சரிசெய்தேன் என்று எண் போட்டுச் சொன்னேன். பெயர் வரும் பகுதியைத் தனியாகத் திரையில் காட்டி, வசனம் எழுதிய அம்மையாரின் மகள் இங்கே இருக்கிறார் என்றேன். கூட்டத்தில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கே வசனம் என்று போட்டிருந்த இடத்தில் இருந்தது ஓர் ஆணின் பெயர் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கடைசி எண்ணுக்கு வந்தேன். கதாநாயகி பேசுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ஒரு முணுமுணுப்பு இருந்தது, அது நாடா பழுதானதால் வருவது, படம் முழுக்க ஓர் இடம் விடாமல் எடுத்துவிட்டேன் என்றேன். அதற்குத்தான் அதிகமாகக் கைதட்டினார்கள்.

தீதி தட்டவில்லை. மெல்லக் கை உயர்த்தினார், வகுப்பில் கேள்வி கேட்கிறவர் போல.

"முழுக்க எடுத்துவிட்டாயா?"

"ஓம், முழுக்க" என்று தமிழிலேயே வந்துவிட்டது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

விளக்கை அணைத்தார்கள். படம் முழுவதும் தீதி கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். நான் பக்கவாட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். களைப்பு என்று நினைத்தேன்.

முடிந்த பிறகு, மேலங்கிகள் தொங்கவிட்டிருந்த இடத்தில் அவரைப் பிடித்தேன். பிடித்திருந்ததா என்று கேட்டேன். படம் மிகத் தெளிவாக இருந்தது என்றார். பிறகு, கையுறைகளைப் போடுவதும் கழற்றுவதுமாக, சொல்லத் தொடங்கினார்.

கதாநாயகி வேறு மாநிலத்திலிருந்து வந்த நாட்டியக்காரி. வங்காளம் சரியாக வராது. அதனால் கமராவுக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வரியையும் அவள் பேசுவதற்கு முன் எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. கமரா உதவியாளரின் மனைவி நன்றாக வாசிப்பாள், குரலை அடக்கிப் பேசத் தெரியும் என்று அவரையே நிறுத்தினார்கள். பிறகு டப்பிங் செய்வோம், அப்போது அந்தச் சத்தம் போய்விடும் என்பது ஏற்பாடு. டப்பிங் செய்யக் காசு இல்லாமல் போனது. படப்பிடிப்பில் பதிந்த ஒலியோடேயே படம் வெளிவந்தது. திரையில் கதாநாயகி, அவளுக்கு முன்னால் மெல்லிய குரலில் தீதியின் அம்மா. ஊர்களில் ஓடியபோது சனங்கள் சிரித்தார்களாம். படம் விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தீதி கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். வீட்டில் அவருடைய புகைப்படம் ஒன்றிரண்டு இருந்தது. குரல் வேறு எதிலும் இல்லை. சிறு வயதில் அப்பா யாரிடமோ புரொஜெக்டர் இரவல் வாங்கிச் சுவரில் படத்தைப் போட்டுக் காட்டியபோது, கண்ணை மூடிக்கொண்டு கேள் என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு தீதி அதைக் கேட்டதில்லை. கேட்பதற்காகத்தான் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்தார்.

"நான் உன்னிடம் சொன்னேனே, அவள்தான் வசனம் கொடுத்தாள் என்று."

கோபமாகச் சொல்லவில்லை. நான் தெரிந்தே செய்திருக்க மாட்டேன் என்ற நம்பிக்கையில், எங்கே தவறிற்று என்று விளங்கிக்கொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது. பிறகு, "பழைய ஒலி உன்னிடம் இருக்கும்தானே, நீங்கள் எல்லாம் பத்திரமாக வைப்பீர்கள்" என்றார்.

நான் வாய் திறந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "பார்க்கிறேன்" என்றேன். அந்தச் சொல் இன்னும் என்னைக் குத்துகிறது. பார்ப்பதற்கு எதுவும் இல்லை என்று அந்தக் கணமே எனக்குத் தெரியும்.

பஸ்ஸில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பூங்கொத்து அம்மாவின் மடியில் இருந்தது. அதன் காகிதத்தை நீவிக்கொண்டே, "நானெல்லே பேய் எண்டு சொன்னனான்" என்றார்.

"நீங்கள் பகிடிக்குச் சொன்னது. செய்தது நான்."

"அந்தப் பிள்ளை தாயின்ரை சத்தம் கேக்க வந்திருக்கு. நான் கலைச்சு விடு எண்டு சொல்லியிருக்கிறன்." பிறகு, "போனிலை சொல்லிப்போட்டு விடாதை. நேரிலை போ. என்ன பேச்சு விழுந்தாலும் நிண்டு கேள்" என்றார்.

அந்த வாரம் கணினியில் தேடாத இடமில்லை. முழுப் படத்தின் ஒலி சுத்தமாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. என் வேலை அவ்வளவு நேர்த்தி. அழித்த கோப்புகளை மீட்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டேன். எழுதியதன் மேலேயே திரும்பத் திரும்ப எழுதியிருந்ததால் ஒன்றும் வரவில்லை. படச்சுருளை எடுத்து விளக்கடியில் பார்த்தேன். பட்டை இருந்த இடத்தில் வெறும் பசைத் தடம்.

அப்போதுதான் பரிசோதனைகள் என்ற கோப்புறையில் ஒரு சிறிய கோப்பு கண்ணில் பட்டது. அதற்கு நான் வைத்திருந்த பெயர் குப்பை-1.

இரைச்சல் எடுக்கும் மென்பொருளில் ஒரு வசதி உண்டு. ஒலியிலிருந்து என்ன கழிபடுகிறதோ அதை மட்டும் தனியாகக் கேட்கலாம். தேவையான பேச்சு ஏதும் சேர்ந்து வெட்டுப்படுகிறதா என்று பார்ப்பதற்காக. தொடக்கத்தில் ஒரே ஒரு காட்சிக்கு, கதாநாயகனும் கதாநாயகியும் ஆற்றுப் படித்துறையில் பேசும் காட்சிக்கு, அப்படிக் கழிந்ததைச் சேமித்துப் பார்த்திருக்கிறேன். திருப்தியானதால் பிறகு செய்யவில்லை. குப்பை-2 இல்லை.

ஹெட்ஃபோனைப் போட்டுக் கேட்டேன். மழை மாதிரி இரைச்சல். கதாநாயகியின் குரல் கிட்டத்தட்ட இல்லை. அந்த மழைக்குள்ளே ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தார். அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக, ஊட்டிவிடுவது போல. இது எதிரொலி என்று நான் எப்படி நினைத்தேன்? மனிதக் குரல் என்பதற்கு அதில் என்ன குறை இருந்தது?

அடுத்த நாள் மத்தியானம் தீதியின் வீட்டுக்குப் போனேன். லாசாலில் இருந்து பஸ், பிறகு மெட்ரோ. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் எண் போட்டு ஒழுங்குபடுத்தினேன். பிள்ளைகள் நித்திரைகொள்ளும் நேரம். முன்னறையில் சின்னப் பாய்களில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். தீதி என்னை அடுக்களைக்குக் கூட்டிப்போய் ஒரு குழந்தை நாற்காலியைத் தந்து, தானும் ஒன்றில் இருந்தார். முழங்கால் நெஞ்சில் முட்ட, எண்கள் எல்லாம் மறந்துபோய், மெல்லிய குரலில் சொன்னேன். குரல் என்று தெரிந்திருக்க வேண்டிய இடத்தில் கோளாறு என்று முடிவுகட்டியது. கேட்காமல் விட்டது. முதல் பிரதியை வைக்காதது. காசு தருகிறவர்களுக்குச் செய்வதை இவருக்குச் செய்யாதது. இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், அவருக்குத் தெரியவே வந்திராது. ஆனால் மண்டபத்தில் "பார்க்கிறேன்" என்று ஒருமுறை மழுப்பியதே போதும்.

தீதி மேசைத் துணியின் ஓரத்தை மடித்துக்கொண்டே இருந்தார்.

"கட்டிலுக்கு அடியில் பத்திரமாகத்தான் இருந்தது" என்றார்.

அவ்வளவுதான். அதற்குமேல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

ஒரு காட்சி மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று சொல்லி ஹெட்ஃபோனை நீட்டினேன். மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. குளிர்ப்பெட்டியின் முனகலும் உள்ளே ஒரு பிள்ளையின் இருமலும்தான். கொஞ்ச நேரத்தில் தீதியின் உதடுகள் அசையத் தொடங்கின. ஒவ்வொரு வரியையும் அம்மா சொன்ன பிறகு தானும் சொல்கிறார் என்று விளங்கியது. கதாநாயகியின் இடத்தில் இப்போது அவர்.

நடுவில் சட்டென்று உதடு நின்றது. பிறகு சிரித்தார், சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு. திரும்பப் போடச் சொல்லிக் கையால் காட்டினார். மறுபடியும் அந்த இடத்தில் சிரித்தார். ஒரு பக்கத்து ஹெட்ஃபோனைக் கழற்றி என் காதில் வைத்தார்.

"ஆமார் திகே தாகியோ நா" என்று கேட்டது.

"இது வசனம் இல்லை" என்றார் தீதி. "அந்தப் பெண் வரி மறந்து இவள் பக்கம் திரும்பிவிட்டாள். அதுதான் சொல்கிறாள், என்னைப் பார்க்காதே, அவனைப் பார் என்று. கொஞ்சம் அதட்டுகிறாள், கேட்டாயா? மற்றது எல்லாம் யாரோ எழுதிக் கொடுத்தது. இது ஒன்றுதான் அவளே சொன்னது."

படம் முழுவதும் இருந்திருந்தால் அப்படி இன்னும் எத்தனை இருந்திருக்கும் என்று நான் நினைத்தேன். அவரும் அதையேதான் நினைத்திருப்பார்.

புறப்படும்போது அவர் ஒரு வேலை தந்தார். காப்பகத்துக்குப் போகும் பிரதியோடு ஒரு குறிப்பு போக வேண்டும். முதலில் படத்தில் என்ன இருந்தது, அது யாருடைய குரல், ஏன் இப்போது இல்லை என்று. நாளைக்கு வங்காளப் படங்களைப் பற்றி எழுதப்போகிற யாரோ ஒருவர், இந்தப் படம் இவ்வளவு சுத்தமான ஒலியோடு வந்தது என்று பிழையாக எழுதிவிடக் கூடாது என்றார். அம்மாவின் பெயரை வங்காள எழுத்தில் தானே எழுதித் தந்தார். குரலை நீக்கியவரின் பெயரை நீயே போட்டுக்கொள் என்றார். போட்டேன். என் பெயர் எங்காவது வரும் என்று ஆசைப்பட்டேன் அல்லவா, அது அங்கேதான் இருக்கிறது.

படித்துறைக் காட்சிக்கு மட்டும் குப்பை-1ஐத் திரும்பச் சேர்த்தேன். குளிர்காலத்தில் கழகம் மறுபடி திரையிட்டபோது அம்மா தானாகவே வருகிறேன் என்றார். அந்தக் காட்சி வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தா, வந்திட்டா" என்றார். முன் வரிசையில் தீதி கண்ணை மூடியிருந்தார். காட்சி முடிந்ததும் திறந்துவிட்டார்.

இன்று கூடத்தில் எந்த வேலை வந்தாலும் முதல் பிரதியைப் பூட்டிய பிறகுதான் நாற்காலியில் உட்காருகிறேன், காசு தந்தாலும் தராவிட்டாலும். அதனால் எதுவும் திரும்பி வரவில்லை. அந்தப் படம் இனி எங்கே ஓடினாலும், பார்க்கிறவர்கள் ஒலி எவ்வளவு தெளிவு என்று சொல்வார்கள். கதாநாயகி ஒவ்வொரு முறை வாய் திறப்பதற்கு முன்னும் வரும் அந்தத் துடைத்து வைத்த அமைதி நான் செய்தது என்று எனக்குத் தெரியும்.